ஓடிப் பார்த்து எடுத்த சீர்

தனக்கு நாடித்துடிப்பே இல்லை என்று கையில் கட்டியிருந்த வாட்ச் காட்டியபோது, பால்பாண்டி யானைமலை அடிவாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

ஓடிக்கொண்டிருந்தார் என்பது கொஞ்சம் தாராளமாகச் சொன்னது. ஒரு ஆட்டுக்குட்டி அவரை முந்திப் போனது. பிறகு அதன் தாய் முந்திப் போனது, மேய்ந்துகொண்டே.

மறுபடி வாட்சைப் பார்த்தார். துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு கோடு. அவ்வளவுதான். அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"முனீஸ்வரி, நான் போயிட்டேன்டி."

"எங்க?"

"உசுரு போயிருச்சுங்கிறேன். வாட்ச்சுல துடிப்பே காட்டல."

"சரி, வாரப்ப கொத்தமல்லிக் கட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

பால்பாண்டி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கமிஷன் கடைக்காரர். நடப்பது அவருக்கு ஆகாது. ஒத்தக்கடையில் அவர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் பெட்டிக்கடைக்கு மொபெட்டில்தான் போவார். திரும்பி வரும்போது வண்டி சூடாகிவிட்டது என்று நிழலில் நிறுத்தி ஆறப்போடுவார். சர்க்கரை டாக்டர் "நடங்க, நடங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் டாக்டருக்கே சர்க்கரை வந்துவிட்டது.

அக்காள் மகள் தமிழ்வாணி போன பொங்கலுக்கு அவருக்கு ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தாள். ஓடுகிறவர்கள் போடும் ஷூ. பஞ்சு மாதிரி இருந்தது. அப்பேர்ப்பட்ட பொருளை மண்ணில் வைத்து மிதிக்க மனசு வருமா? பீரோவில், முனீஸ்வரியின் பட்டுச் சேலைகளுக்கு நடுவே, அந்துருண்டை போட்டுப் பூட்டிவிட்டார். யாராவது விருந்தாளி வந்தால் திறந்து காட்டுவார்.

அந்த வாணிக்கு ஆவணியில் கல்யாணம். வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஓட்டம், சைக்கிள் என்று காலில் சக்கரம் கட்டிய பிள்ளை. பால்பாண்டிக்குக் குழந்தை இல்லை. வாணிக்கு அவர் மடியில்தான் காது குத்தினார்கள். ஆசாரி ஊசியைக் காட்டியதும் மாமன் கையைக் கடித்தாள் பாருங்கள், அந்தத் தழும்பு இன்றைக்கும் அவர் இடது மணிக்கட்டில் இருக்கிறது. ஷூவைக் காட்டுகிற விருந்தாளிக்கு அதையும் காட்டுவார்.

கடித்ததோடு சரி, அவள் மாமனிடம் ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டதே கிடையாது. அதனால்தான், "மாமன் சீரு என்ன தாயி வேணும்?" என்று இவர் கேட்டு, அவள் உடனே பதில் சொன்னபோது, பால்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வேணும் மாமா. ஓடுறதுக்கும் சைக்கிளுக்கும். போனைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட முடியல."

"ஒண்ணென்ன தாயி, ஒம்பது வாங்குவோம்!"

"ஒண்ணு போதும். ஆனா கடைக்காரர் சொல்றத நம்பி வாங்கிறாதீங்க. நீங்களே கட்டி, ஓடிப் பாத்து, சைக்கிள் மிதிச்சுப் பாத்து எடுங்க. எனக்குக் கல்யாண வேலையில நேரமே இல்ல."

முகர்ந்து பார்க்காமல் ஒரு மொட்டைக்கூட எடுக்காத வியாபாரிக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது.

போதாக்குறைக்கு விருமாண்டி இருந்தார். பால்பாண்டியின் பெரியப்பா மகன். ஆகவே அவரும் வாணிக்குத் தாய்மாமன். ஒரு லாரி நிறைய சீர் கொண்டுவரப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். பீரோ, கட்டில், பிரிட்ஜ், கொம்புக்குச் சாயம் அடித்த கிடா.

"நீ என்னடா பாண்டி கொண்டுவார?"

"வாட்ச்சுண்ணே."

"செவுத்துல மாட்டுறதா?"

"கையில கட்டுறது."

விருமாண்டி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் பால்பாண்டிக்கு வலித்தது. வாழ்நாளில் பிள்ளை கேட்ட ஒரே பொருள்; அதையும் சபையில் நாலு பேர் பார்த்துச் சிரிக்கும்படி வாங்கிவிட்டால், தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு எந்த மணவறைப் பக்கம் போய் நிற்பது?

யானைமலை ஓட்டத்துக்கு மறுநாள், துடிப்பில்லாத வாட்சுடன் அதை எடுத்த டவுன்ஹால் ரோட்டுக் கடைக்குப் போனார். அந்தக் கடை வாணி சொல்லியனுப்பியது. முதலாளி அசோக்குமார் வாட்சைத் திருப்பிப் பார்த்தான். அதன் முதுகில் சந்தனம் பூசி, நடுவில் அச்சாக ஒரு குங்குமப் பொட்டு.

"என்னண்ணே இது?"

"புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காம எப்படிப்பா கட்டுறது?"

"அண்ணே, அதுக்குக் கண்ணே அங்கதான இருக்கு! அந்தக் கண்ணாலதான் உங்க ரத்த ஓட்டத்தைப் பாக்கும். நீங்க கண்ணை மூடிட்டு நான் செத்துட்டேனாங்குறீங்க."

துடைத்துக் கட்டியதும் எண் வந்தது. பால்பாண்டிக்கு உயிரும் வந்தது. ஆனால் அடுத்த கேள்வியில் வேறு ஒரு கோளாறு வெளியானது. இந்த வாட்சுக்குச் சொந்தமாக ஜிபிஎஸ் கிடையாது. பையில் இருக்கும் போனைப் பார்த்துத்தான் இடம் சொல்லும்.

"அப்ப பக்கத்து இலையப் பாத்துக் காப்பியடிக்கிற பயலா இது?"

"அப்படியும் வச்சுக்கலாம்ணே."

"காப்பியடிக்கிறதையா சீருல வைக்கிறது? வேற எடு!"

அசோக்குமார் வேறு ரெண்டு எடுத்தான். இவற்றுக்குச் சொந்த ஜிபிஎஸ்; நேராக வானத்துச் சேட்டிலைட்டோடு பேசுமாம்.

"ரெண்டையும் கொண்டுபோய் ஓடிப் பாருங்கண்ணே. இது கடையில காட்டுறதுக்கு வச்சிருக்கிற பீஸு. எது பிடிக்குதோ, அதுலயே சீல் பிரிக்காததைக் கல்யாணத்துக்குத் தாரேன். நீங்க ஓடுறதெல்லாம் உங்க அக்கா மக போன்லயும் தெரியிற மாதிரி போட்டு விடுறேன். அதுவும் பாத்துச் சொல்லும்ல?"

எந்தக் கடைக்காரன் இப்படிக் கோயில் பிரசாதம் மாதிரி வாட்ச் கொடுத்தனுப்புவான் என்று பால்பாண்டிக்கு ஒரு கணம் தோன்றியது. தன் முகராசி என்று முடிவு செய்துகொண்டார்.

அன்றிலிருந்து இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. பூக்கடையை மூடிவிட்டுச் சாயங்காலம் ஓட்டம். ஓடி முடித்து மூச்சு வாங்குவதற்குள் வாணி போனில் வந்துவிடுவாள்.

"மாமா, டீக்கடைகிட்ட வாட்ச் இம்புட்டு நேரம் ஒரே எடத்துல நிக்குதே, ரிப்பேரா?"

பால்பாண்டியின் கையில் அப்போதுதான் கடித்த உளுந்த வடை இருந்தது.

"ஆமா தாயி… இங்கன சிக்னல் கிடைக்கல போல."

"அப்ப அந்தப் பக்கமே போகாதீங்க மாமா. வாட்சுக்கு ஆகாது."

வாட்சுக்காக வடை போனது.

"மாமா, செருப்புப் போட்டு ஓடுறீங்களா? அடி கணக்குத் தப்பா விழுகுது. ஷூ போட்டாத்தான் வாட்ச் நல்லதா நொள்ளையான்னு சொல்ல முடியும்."

வாட்சுக்காக பீரோ திறந்தது. ஓடும்போது தெரு முழுக்க அந்துருண்டை மணத்தது. நாய்கள் ஒதுங்கி வழி விட்டன.

"சைக்கிள்ல பாத்தீங்களா மாமா? ஏத்தத்துல சரியாக் காட்டுதா?"

வாட்சுக்காக ஒரு பழைய சைக்கிள் வந்தது. மேலூர் ரோட்டில் ஏற்றம் வரை மிதித்தவர், திரும்பி வரத் தெம்பில்லாமல் சைக்கிளை மினி பஸ் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். வாட்சை நிறுத்த மறந்துபோனார்.

"மாமா! இப்ப நீங்க சைக்கிள்ல வந்த வேகத்துக்கு நாட்டுக்கே மெடல் வாங்கலாம்!"

"காத்து பின்னால இருந்து அடிச்சுச்சு தாயி."

"நடுவுல காத்து மூணு ஸ்டாப்புல நின்னுருக்கு மாமா."

மறுநாள் முழுத் தூரத்தையும் மிதித்தே வந்தார். உள்ளே வந்ததும் நடுவீட்டில் மல்லாந்துவிட்டார். முனீஸ்வரி ஒரு சொம்பு மோரை வைத்துவிட்டு, "பொண்ணு கேட்டது வாட்ச்சு. நீங்க கிட்னியக் குடுத்துருவீக போல" என்றாள். சொல்லிவிட்டு, அவர் பார்க்காதபோது காலைப் பிடித்துவிட்டாள்.

இதற்கிடையில் சர்க்கரை டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்து, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். "அவரு மிஷினு ரிப்பேரு. பாவம், மனுசன் சொல்ல மாட்டேங்கிறாரு" என்று பால்பாண்டி கடையில் எல்லோரிடமும் வருத்தப்பட்டார்.

உண்மையான சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. இடது கை வாட்ச் ஒரு தூரம் காட்டியது. வலது கை வாட்ச் வேறு தூரம் காட்டியது. ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டினால் வியாபாரி என்ன செய்வான்? எடைக்கல்லைத் தேடுவான். ரோட்டையே அளந்து, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது என்று பால்பாண்டி தீர்மானித்தார்.

அவருக்குத் தெரிந்த ஒரே அளவு முழம். ஆகவே கடையில் பூக் கட்டும் சின்னத்தாயை ஒரு நைலான் கயிற்றுடன் அழைத்துக்கொண்டு, நரசிங்கம் போகும் ரோட்டுக்கு வந்தார். சின்னத்தாயின் கைக்கு மார்க்கெட்டில் ஒரு பெயர் உண்டு. சும்மா நாளில் சாதாரணக் கை. முகூர்த்த நாளில் குட்டையாகிவிடும்.

"இன்னிக்கு முகூர்த்தமா சின்னத்தாயி?"

"இல்லண்ணே. முழு முழந்தேன் போடுறேன், நம்புங்க."

அவள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இவர் மறு முனையோடு போய்ச் சுண்ணாம்பால் கோடு போட்டார். பிறகு அவள் அந்தக் கோட்டுக்கு வர, இவர் அடுத்த கோட்டுக்குப் போனார். அவரைத் தெரியாத ஒரு டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரெண்டு கையிலும் வாட்ச், காலில் புது ஷூ, கயிறு, சுண்ணாம்பு.

"அண்ணே, எதுவரைக்கும் எடுக்குறாக?"

முழக் கணக்கு மறந்துவிடுமே என்ற பதற்றத்தில் பால்பாண்டி திரும்பிப் பார்க்காமலே, "மலை வரைக்கும்!" என்றார்.

அவ்வளவுதான். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், மலை வரைக்கும் இடிக்கிறார்கள் என்ற செய்தி பால்பாண்டியைவிட வேகமாக ஓடியது. பெஞ்சுகள் உள்ளே போயின. போர்டுகள் உள்ளே போயின. ரோட்டோரம் கல்மேடையில் இருந்த பிள்ளையாரே தானாகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்ததாக இன்றைக்கும் அந்தப் பக்கம் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சங்கம் உருவாகி, அதற்குத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தச் சங்கம் ரெண்டாக உடைந்தும்விட்டது.

"ஏ, ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டியிருக்கான்யா! பெரிய ஆபீசர்தான்!"

"நஷ்டஈடு சொல்லாம விடாதீகப்பா!"

சின்னத்தாய் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தைக் கண்டாள். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பால்பாண்டி ஓடினார்.

இந்த முறை நிஜமாகவே ஓடினார். ஆட்டுக்குட்டியை முந்தினார். அதன் தாயை முந்தினார். ஒரு மொபெட்டையும் முந்தினார் என்று அவர் சொல்வார்; அது நின்றுகொண்டிருந்த மொபெட் என்று முனீஸ்வரி சொல்வாள். குரல்கள் எல்லாம் பின்னால் தேய்ந்து, மூச்சும் மலையும் மட்டும் மிச்சமான இடத்தில், வலது கை வாட்ச் திடீரென்று ஒரு இசை போட்டது. திரையில் ஒரு குட்டிக் கோப்பை மின்னியது. இதுவரை ஓடியதிலேயே இதுதான் உங்கள் வேகமான ஓட்டம் என்று அதற்கு அர்த்தம்.

பால்பாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு யாரும் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசாகக் கொடுத்ததில்லை.

"இதுதான் வாணிக்கு" என்றார் சத்தமாக.

மறுநாள் முனீஸ்வரி அந்த ரோட்டில் வீடு வீடாகப் போய், "அது ரோடு இல்ல, எங்க வீட்டுக்காரரு வாட்ச்சு" என்று விளக்கினாள். இதைக் கேட்பதற்கு ரோட்டையே எடுத்திருக்கலாம் என்றார்கள் ஜனங்கள்.

அந்தக் கோப்பை வாட்ச் இடது கைக்கு மாறி, கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை அங்கேயே இருந்தது. தினமும் ஒரு கோப்பையாவது வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அதைக் கழற்றி அசோக்குமாரிடம் திருப்பிக் கொடுத்த அன்று, கையில் பளிச்சென்று ஒரு வெளுத்த பட்டை இருந்தது. அந்தப் பட்டையை அவர் பேருந்தில் வழி முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு என்று எடுத்த பட்டுச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. "தையக்காரன் அளவை மாத்திட்டான்" என்றார். முனீஸ்வரி ஊக்குக் குத்திவிட்டாள்.

வாடிப்பட்டி மண்டபத்து வாசலில் மேளம் பிளந்துகட்டியது. விருமாண்டியின் லாரி முன்னால் நின்றது. சாயக் கொம்புக் கிடா எல்லோரையும் கேவலமாகப் பார்த்தது.

உள்ளங்கை அளவு வாட்சை இந்த லாரிக்கு முன்னால் எப்படிக் காட்டுவது? பால்பாண்டிக்கு மூளை வேலை செய்தது. பெட்டிக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்? வெளியே எடுத்தார். இயக்கி ஒளிர விட்டார். மிகப் பெரிய தாம்பாளத்தில், கடை மல்லிகையை எல்லாம் கொட்டி யானைமலை போலக் குவித்து, அதன் உச்சியில் வாட்சை வைத்தார். அற்புதமாக இருந்தது. உறவுக்காரப் பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேளத்துக்கு ஏற்பக் குலுங்கிக் குலுங்கி ஊர்வலம் போனார்கள். பிறகு சபையில் மற்ற சீரெல்லாம் வரிசையாக ஒப்படைக்கப்பட, பூத்தட்டு மேடையில் காத்திருந்தது. ஒரு வழியாக அதன் முறை வந்தபோது, யானைமலை இருந்தது. வாட்ச் இல்லை.

குலுங்கிய குலுக்கலில் அது மல்லிகைக்குள் மூழ்கிவிட்டிருந்தது.

"எங்கடா பாண்டி வாட்ச்சு?" என்றார் விருமாண்டி. மேடையில் ஏற்றிய தன் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உள்ள இருக்குண்ணே."

"சீருக்குள்ள சீரைத் தேடுறவன இன்னிக்குத்தான்டா பாக்குறேன்."

ஊரே பார்க்க, மணவறையில் பூவைக் கிளறுவதா? அந்த நேரம் பார்த்து, மல்லிகைக் குவியல் தானே நடுங்கியது.

சத்தம் வேறு வந்தது. விர்ர்ர் என்று.

"ஆத்தீ! பூநாகம்!" என்று யாரோ அலறினார்கள்.

மேடை காலியானது. ஐயர் மந்திரத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனார். விருமாண்டி தான் கொண்டுவந்த கட்டில் மேலேயே ஏறி நின்றார். பால்பாண்டிக்கு மட்டும் அந்தச் சத்தம் தெரிந்த சத்தம். ரொம்ப நேரம் சும்மா கிடந்தால் அந்த வாட்ச் அப்படித்தான் அதட்டும். பூவுக்குள் கையை விட்டு வெளியே எடுத்தார். நகருங்கள் என்று திரையில் எழுதியிருந்தது.

மண்டபம் மூச்சு விட்டது; ஓடிய பெண்ணும் மாப்பிள்ளையும் மணைக்குத் திரும்பினார்கள். பால்பாண்டி வாட்சில் ஒட்டியிருந்த மல்லிகையை ஊதிவிட்டு, ரெண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தா தாயி, மாமன் சீரு."

வாணி வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மாமனின் இடது கையைப் பிடித்து இழுத்து, அந்த வெளுத்த பட்டை மேலே, அவள் சின்ன வயதில் கடித்த தழும்பு மேலே, வாட்சைக் கட்டி மாட்டினாள்.

மேளம் நின்றுவிட்டது. சபையில் வாங்கிய சீரைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் ஒரு தாய்மாமனுக்குக் கிடையாது. கட்டில் மேல் நின்ற விருமாண்டியே கீழே பார்த்துக்கொண்டார்.

"என்ன தாயி இது? சீரைத் திருப்பித் தரக் கூடாதும்மா…" பால்பாண்டி வாட்சின் வாரைக் கழற்றப் போனார். "நல்லா இல்லையா? மேட்டுல பாத்தேன், பள்ளத்துல பாத்தேன், சைக்கிள்ல பாத்தேன். எங்கயும் தப்பாக் காட்டலயேம்மா."

வாணிக்குக் கண்ணீர் மையைக் கரைத்துக்கொண்டு வந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சூரியபிரகாஷ்தான், முறையை விட்டுவிடாமல், மெதுவாகக் குனிந்து சொன்னான்:

"சித்தப்பா, இவகிட்ட ரெண்டு வருசமா வாட்ச் இருக்கு, 'எங்க மாமாவுக்குன்னு வாங்கிக் குடுத்தா பீரோவுல வச்சுப் பூட்டிருவாரு, எனக்கு வேணும்னு கேட்டாத்தான் ஓடுவாரு'ன்னு நிச்சயத்தன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா."